ஜீப்புக்கு ஒரு பம்பர்

மாமனார் இறந்த பிறகு ஜீப்பை ஓட்டத் தகுந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புது ரேடியேட்டர் வைத்தாயிற்று. மடங்கிப்போன பானட்டைத் தட்டி நிமிர்த்தியாயிற்று. உடைந்த விளக்குகளை மாற்றியாயிற்று. பம்பர் மட்டும் இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளும் வெளியே துருத்திக்கொண்டிருக்க, முன்பல் விழுந்த வாயோடு அது மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஜீப்பின் சொந்தக்காரரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் டவர்காரர் என்றுதான் சொல்வார்கள். குன்று உச்சிகளில் நிற்கும் செல்போன் கோபுரங்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. அங்கெல்லாம் தார்ச்சாலை கிடையாது. சரளைக்கல், செம்மண், மழை வந்தால் சேறு. அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய ஜீப்பை வாங்கியிருந்தார். மனைவி அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. மனைவியின் அப்பாவும் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டவர்காரர் பம்பர் பார்க்கக் கிளம்பிவிடுவார். நகரத்து எல்லையில் வரிசையாகப் பட்டறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நுழைந்து, மாட்டி வைத்திருக்கும் பம்பர்களை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தரையில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்து வெல்டிங் முழுக்க ஓடியிருக்கிறதா, இல்லை அங்கங்கே பொட்டு வைத்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றில் தகடு மெல்லிசு. ஒன்றில் தகடு தடிமன், ஆனால் அதைச் சட்டத்தோடு பிடிக்கிற பட்டை மெல்லிசு. இன்னொன்று அலுமினியம், பார்க்க அழகு, ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"பொண்ணு பாக்கப் போறவங்க கூட இத்தனை குறை சொல்ல மாட்டாங்க மாப்பிள்ளை" என்பாள் மாமியார். "ஒண்ணு மூக்கு சரியில்லங்கிறீங்க, ஒண்ணு முதுகு சரியில்லங்கிறீங்க. இப்படியே போனா உங்க ஜீப்பு கட்டைப்பிரம்மச்சாரியாத்தான் நிக்கும்."

அவர் சிரிக்க முயல்வார். அவ்வளவுதான்.

அவர் எதைத் தேடுகிறார் என்பது மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

சில மாதங்களுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு நாள் பிற்பகல் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். ஜீப் எப்போது கிளம்பினாலும் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டி "ரைட், ரைட்" என்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பின்சீட்டில் மகளின் மடியில் தலைவைத்துப் படுத்தபோதும் உதட்டை அசைத்து அதையே சொன்னார். டவர்காரர் தன்னால் முடிந்த வேகத்தில் ஓட்டினார். பழைய பாலத்தைத் தாண்டி, அடுத்த வளைவில் திரும்பும்போது புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்தது. கம்பெனி கொடுத்த பம்பர் வெறும் பிளாஸ்டிக்கும் மெல்லிய தகடும். அப்பளம்போல நொறுங்கி உள்ளே போய் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. தண்ணீரெல்லாம் கொட்டி, ஆவி கிளம்பி, வண்டி நின்றது.

ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுப்பவர் அவர். அந்த வளைவில் மட்டும் அவருடைய போனில் ஒரு கோடுகூட இல்லை. மாமனாரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மழையில் பெரிய சாலைக்கு ஓடினார். மரம் ஏற்றிய லாரி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. பம்பர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. "நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அன்று போனது கடைசிப் பட்டறை. பட்டறைக்காரர் வாயாடி மனிதர். இவர்களைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார், வாங்க சிஸ்டர். இன்னைக்கு உங்களுக்குப் பிடிச்சே தீரும். உள்ள வாங்க."

பின்பக்கக் கொட்டகையில் மரக்கட்டைகளின்மேல் ஒரு பம்பர் கிடந்தது. ஜீப்பின் முழு அகலத்துக்கும் ஒரே தகடு, விரல் தடிமன். அதன்மேல் விளக்குகளையும் சேர்த்து மறைக்கிற மாதிரி பெரிய குழாய்களை வளைத்து வைத்திருந்தார்கள். கறுப்பாக, பார்க்கவே பயமாக இருந்தது.

"யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் சார் வலிக்கும்."

டவர்காரர் அதன்முன் குந்தி உட்கார்ந்தார். தட்டவில்லை. உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார்.

"பன்னி வந்தா?"

"பன்னியா? போங்க சார், பன்னியெல்லாம் ஒரு கணக்கா?"

"நல்ல வேகத்துல போறோம். வளைவு. பெரிய பன்னி, அப்படியே நேரா வந்து மோதுது. ரேடியேட்டருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒரு கீறல் விழாது."

"வண்டி நிக்காதா? அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிடலாமா?"

பட்டறைக்காரர் சிரித்தார். "தாராளமாப் போகலாம். ஆனா ஒண்ணு சொல்லணும் சார், இது நல்ல பாரம். முன்பக்க ஸ்பிரிங்கை மாத்தணும். இல்லன்னா வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும். ஸ்டியரிங்கும் கெட்டியாயிடும்."

"பரவாயில்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடுமில்ல?"

பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. இந்த மனிதர் இனி வரப்போகிற பன்றிக்காகப் பம்பர் வாங்கவில்லை. அன்றைக்கு வந்த பன்றிக்காக வாங்குகிறார்.  இனியும் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"கொஞ்சம் இப்படி வாங்க" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்த பட்டறைக்காரர், டீ சொல்லிவிட்டு வருவதாக எதையோ முனகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்ன?"

"அப்பா அந்த வளைவுக்கு முன்னாடியே போயிட்டார்."

அவர் அவளையே பார்த்தார்.

"பாலம் தாண்டுறப்பவே நாடி நின்னுடுச்சு. நெஞ்சை அழுத்திப் பாத்தேன். அந்த இடத்துல, அந்த ஆட்டத்துல, என்னால முடிஞ்சதை எல்லாம் பண்ணிப் பாத்தேன். எத்தனை பேரைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? பன்னி குறுக்க வந்தப்போ அவர் இல்ல."

"நான் கேட்டேனே. மாமா எப்படி இருக்கார்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"இருக்கார்னு சொன்னியே."

"என் மடியிலதானே இருந்தார்." அவள் குரல் உடைந்தது. "வாயைத் திறந்து வேற மாதிரி சொல்ல வரல. சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயம். அவ்வளவுதான்."

 அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார்: "தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன். நீ கூடவே ஓடி வந்தே. குடை பிடிச்சே."

"ஆமா."

"அப்பவும் சொல்லல."

"அப்பா நனையுறாரேன்னு இருந்துச்சு. வேற எதுவுமே தோணல. உங்களைத் தடுக்கவும் தோணல. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு நாள் போயிடுச்சு. நீங்க இப்படிப் பம்பர் பம்பர்னு அலையறதைப் பாக்கப் பாக்க இன்னும் பயமாயிடுச்சு."

டவர்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீ ஓட்டு" என்றார். டீயோடு வந்த பட்டறைக்காரர் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்.

இதைச் சொன்னால் அவர் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஆகவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். அவர் கத்தவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், கோபுரங்களுக்குப் போய்வந்தார். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல அத்தனை மரியாதையாக இருந்தார். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

உண்மையில் அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஓடும்போது வழியெல்லாம் மாமனாரிடம் பேசிக்கொண்டே போயிருந்தார். "இதோ வந்துடுச்சு மாமா, இன்னும் கொஞ்ச தூரம்தான், கண்ணை மூடாதீங்க." அதையெல்லாம் அவள் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. இத்தனை மாதமாகத் தன் தவறு என்று தூக்கிச் சுமந்த ஒன்றை யாரோ வந்து வாங்கிக்கொண்டதும், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல ஆகிவிட்டார்.

வீட்டில் நிலவிய மௌனம் பொறுக்காமல், மனைவி ஒரு காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும், மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"எங்கிட்டயும் மறைச்சிட்ட."

"அம்மா..."

"போ. ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது."

மகள் போனதும் கிழவி மீதித் துணிகளையும் மடித்து முடித்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளை ஜீப்பின் பானட்டைத் திறந்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்பர் வாங்கலையா மாப்பிள்ளை?"

"இனிமே எதுக்கு அத்தை."

"ஏன், பன்னியெல்லாம் காட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?"

அவர் நிமிர்ந்தார். அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவள் கண்களைப் பார்த்ததும் புரிந்தது.

"என் பொண்ணு பண்ணினது தப்புதான். நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஆனா அவ தினமும் இந்த ரோட்டுலதான் வந்து போறா. மழை வந்தா நீங்கதான் கூட்டிட்டு வர்றீங்க. நானும் இருக்கேன், எனக்கும் எப்போ என்ன வரும்னு தெரியாது. போனவருக்குப் பாத்தது போதும். இருக்கிறவங்களுக்கு ஒண்ணு பாத்து வாங்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை டவர்காரர் சாவியோடு வாசலில் நின்றார். "வர்றியா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

பட்டறைக்காரர் இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. அந்தக் கறுப்பு ராட்சசனை ஓரமாகத் தள்ளியிருந்தார். டவர்காரர் அதன் பக்கமே போகவில்லை. அவர் கேட்ட கேள்விகளும் வேறாக இருந்தன. இவள் ஓட்டினால் ஸ்டியரிங் திருப்பக் கஷ்டமாக இருக்குமா? மேடு ஏறும்போது முனை தரையில் இடிக்குமா? ரேடியேட்டருக்குக் காற்று போதுமா? சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி இழுக்கிற கொக்கி எந்த அளவுக்குத் தாங்கும்?

கடைசியில் எடுத்தது நடுத்தரமான ஒன்று. தகடு அத்தனை தடிமனில்லை, ஆனால் மடிப்புகள் சரியான இடத்தில் விழுந்திருந்தன. நடுவில் காற்றுக்கு அகலமான திறப்பு. சக்கரத்துக்கு முன்னால் இரண்டு முனைகளும் மேல்நோக்கிச் சரிவாக வெட்டப்பட்டிருந்தன. கொக்கிகள் தகட்டில் ஒட்டிவைத்தவை அல்ல. தகட்டைத் துளைத்துப் பின்பக்கம் சென்று, சட்டத்தைப் பிடிக்கிற பட்டையோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருந்தன.

"இதுல பன்னி மோதினா?" என்று மனைவி தயங்கிக் கேட்டாள்.

"நசுங்கும்" என்றார் அவர். "கொஞ்சம் நசுங்கட்டும். எதுவுமே நசுங்கலன்னா அந்த அடி உள்ள இருக்கிறவங்களுக்கு வரும்."

பட்டறையில் அன்று கைக்கு ஆள் குறைவு. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, பட்டறைக்காரர் கீழே படுத்துப் போல்ட் போட்டார். துளைகள் சேரவில்லை.

"சிஸ்டர், உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

அவள் தூக்கினாள். முனை மெல்ல மறுபடி கீழே இறங்கியது. டவர்காரர் தன் பக்கத்தை முழங்காலில் முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு கையை நீட்டி அவள் பக்கத்தையும் தாங்கிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபமில்லை.

"வலிக்குது" என்றாள்.

"அப்படிச் சொல்லு" என்றார். போல்ட் உள்ளே இறங்கும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

மாலையில் வீடு திரும்பியபோது மாமியார் வாசலுக்கு வந்தாள். பம்பரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"லட்சணமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னைக்குத் தூக்கிட்டு ஓடினீங்களே. கனமா இருந்தாரா?"

 அன்று நடந்ததை டவர்காரரிடம் இப்படி யாருமே கேட்டதில்லை.

"இருந்தார் அத்தை. நல்ல கனம். நடுவுல ஒருதடவை இறக்கி, தோள் மாத்திக்கிட்டேன்."

"எந்த இடத்துல?"

அவர் சொன்னார். மைல்கல்லைத் தாண்டி, மண் சரிந்து கிடக்கிற இடத்தில், ஒரு பாறைமேல் சாய்த்து உட்காரவைத்ததைச் சொன்னார். நழுவிய செருப்பைத் திரும்பப் போட்டுவிட்டதைச் சொன்னார். தான் பேசிக்கொண்டே போனதையும், என்னென்ன பேசினார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அழுதார். மனைவி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கிழவி எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கனமாத்தான் இருப்பார்" என்றாள் கடைசியில். "நான் ஆக்கிப் போட்ட உடம்பாச்சே."

சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாக உள்ளே போனாள். அவர்கள் இருவரும் இருட்டும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.