பிள்ளை சுமந்த அம்மன்

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற செல்வலட்சுமி, அம்மன் சிலைக்குச் சேலை கட்டும் அழகைப் பார்த்தால், தனக்கு ஒருநாளாவது இப்படிக் கொசுவம் வைத்திருப்பாளா என்று கேட்கத் தோன்றும். லயமே கேட்டது, அவள் காதுபடவே. அவள் கண்டுகொள்ளவில்லை.

ஓடையோரம் நின்ற அந்தக் கற்சிலைக்கு ஒசிந்த இடுப்பு, கையில் தாமரை, உடம்பெல்லாம் நகை. அம்மன் இல்லாமல் பின்னே யாராம்? உயர்ந்த சடைமுடியின் நடுவில் விரல் அளவுக்கு ஓர் உருவம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். செல்வலட்சுமியின் மகள் காய்ச்சலில் போன அன்று, பக்கத்து வீட்டு அழகுத்தாய்தான் அவளை இழுத்துப்போய்க் காட்டினாள்.

"அழாதட்டி. ஒம்புள்ள எங்கயும் போகல. அம்மன் தலையில உக்காந்திருக்கா பாரு."

செல்வலட்சுமி பார்த்தாள். அழவில்லை. காரியத்தன்றும் அழவில்லை, லயத்தில் அதையும் பேசினார்கள். அன்றிலிருந்து கொழுந்தெடுக்கப் போகும்முன் அந்தக் குட்டி வாயில் பால் தடவி, வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, சிலைகளை ஆராய்கிற ஜானவி போன வாரம் பாலக்காட்டிலிருந்து வந்தாள். சிலையின் சேலையை அவிழ்க்கச் சொன்னதும் அழகுத்தாய்க்கு வெட்கம் வந்தது. அவிழ்த்ததும் முதலில் எட்டிப் பார்த்ததும் அவள்தான். நெஞ்சு தட்டை. இடது தோளில் மான்தோல்.

"அம்மன் இல்லை, அக்கா. ஆண் சிற்பமாக்கும். அவலோகிதேசுவரர்னு ஒரு போதிசத்துவர். புத்த மதக்காராளோடது."

"ஆம்பளைக்கா இத்தன நாளு சேலை சுத்துனோம்!" அழகுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. "ஆம்பளையா இருந்துட்டுப் போகட்டும். தலையில இருக்கது புள்ளதான?"

"அது அவரோட குரு, அமிதாப புத்தர். அதை வச்சுத்தான் இவர் யாருன்னே தெரியறது." ஜானவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லாப் பாருங்கம்மா. சின்ன மூஞ்சி. பொம்பளப்புள்ள."

ஜானவி லென்ஸை வைத்து மறுபடி பார்த்தாள். பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். "தியானத்துல இருக்கார், அக்கா. புத்தர்தான்."

"அப்ப எம்புள்ள எங்க?"

ஜானவி அழகுத்தாயைப் பார்த்தாள். ஊர் விஷயம் எதற்கும் பதில் வைத்திருக்கிற அழகுத்தாய், குனிந்து சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

செல்வலட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது கிளம்பிய அழுகை, புருஷன் சுருளிவேல் ஓடிவந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகும் நிற்கவில்லை. அவளைப் பொறுத்தவரை மகள் அன்றைக்குத்தான் செத்தாள். அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்தி சாயும்போது லயத்துப் பெண்கள், சாவு வீட்டுக்கு எடுத்துப்போவதுபோல, சோறும் கட்டன்காப்பியும் கொண்டுவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழகுத்தாய் மட்டும் தூக்குப்பாத்திரத்தோடு வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.