அவர் கேட்ட கேள்வி

வருஷத்துக்கு ஒரு தடவை பைபிளை முழுக்கப் படித்து முடிப்பவள் என்று லிங்கராஜபுரம் சபையில் குளோரியாவுக்குப் பெயர். தம்பி டிரேவர் ஹெண்ணூர் ரோட்டில் மழையில் பைக் சறுக்கி இறந்த பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை. மாடி போர்ஷனில் இருக்கும் தம்பி மனைவி நோராவோடு பேசவுமில்லை. அன்று மாலை மாத்திரை வாங்கிவரச் சொல்லி அவனை அனுப்பியது நோராதான்.

சபைத் தோழி பியாட்ரிஸ் ஒரு சனிக்கிழமை வந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று குளோரியா முகத்தை இறுக்கிக்கொண்டாள். அவளோ பைபிளை எடுத்து, இறந்துபோன லாசருவை இயேசு உயிரோடு எழுப்பும் பகுதியைத் திறந்தாள்.

"அதிகாரம் முழுசும் வேணாம். கொஞ்சமா, மெதுவாப் படிக்கலாம். எந்த வார்த்தை உன்னைப் பிடிச்சு நிறுத்துதோ, அங்கயே இரு."

"எனக்கு இது மனப்பாடம், பியாட்ரிஸ்."

"தெரியும். இன்னிக்குச் சும்மா கேளு."

பியாட்ரிஸ் வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி அதையே வாசித்தாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் சொல்லும் இடத்தில் குளோரியா அவளை நிறுத்தச் சொன்னாள். எத்தனையோ தடவை அவசரமாகக் கடந்துபோன வரி. கேட்டால் பாவம் என்று அவள் விழுங்கி வைத்திருந்ததை மார்த்தாள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நீர் எங்கே போயிருந்தீர்?" குளோரியா வாய்விட்டே கேட்டாள். தேம்பி அழுதாள். பியாட்ரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் தினமும் குளோரியா தனியாக அதே பகுதியை வாசித்தாள். ஒரு காலை, மனம் வேறொரு வரியில் நின்றது. அவனை எங்கே வைத்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். விளக்கம் எதுவும் தரவில்லை. கல்லறைக்குக் கூடவே போகிறார், அழுகிறார். அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்பது போல அவளுக்கு இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவள் கல்லறைப் பக்கம் போகவே இல்லை. தனியாகப் போகவும் மனம் ஒப்பவில்லை. இதே வீட்டில் இன்னொருத்தியும் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மாடியேறிக் கதவைத் தட்டினாள். திறந்த நோரா ஓரடி பின்வாங்கினாள்.

"அண்ணி... நான் மட்டும் அவரை அனுப்பாம இருந்திருந்தா..."

"மழைக்கு நீ என்ன பண்ணுவ? உன்மேல பழி போட்டது என் தப்பு. கல்லறைக்குப் போறேன், நீயும் வா."

இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். கல்லறைமேல் வாடிக்கிடந்த சாமந்தியை நோரா பழகிய கையால் ஒதுக்கினாள். குளோரியா அவளருகே மண்ணில் உட்கார்ந்தாள். டிரேவர் எழுந்து வரப்போவதில்லை. ஏன் இப்படி ஆனது என்றும் தெரியவில்லை. ஆனாலும் தாங்கள் இருவர் மட்டுமல்ல, லாசருவுக்காக அழுதவரும் அங்கே இருக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது. ஜெபிக்க வாயெடுத்தவள், ஒன்றும் கேட்காமல் கண்களை மூடிக்கொண்டாள். நோரா மெல்ல அவள் தோளில் சாய்ந்தாள்.