கை நீட்டாத கங்காணியின் குதிரை

பெரிய கங்காணி ஆண்டியப்பன் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்பது தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். கோழிக்கும் வெற்றிலைக்கட்டுக்கும்தான் கங்காணிமார் காரியம் பார்க்கிறார்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் மனுப் போட்டார்கள். இனிமேல் கை நீட்டுகிற கங்காணியைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று துரை அறிவித்தார். மறுநாள் விடியற்காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முதல் ஆளாக முன்னால் வந்து மாரியம்மன் மேல் சத்தியம் செய்தவர் ஆண்டியப்பன்தான்.

அந்தச் சத்தியத்தை அவர் மீறவே இல்லை. ஆனால் அவருடைய குதிரை எந்தச் சத்தியமும் செய்திருக்கவில்லை.

சீமைக்குப் போன பழைய துரை விட்டுப்போன செந்நிறக் குதிரை அது. பெயர் பிரின்ஸ். அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் கங்காணி கண்டாக்கையாவை விட உயரம். கண்டாக்கையா தோட்டத்தில் கங்காணிக்கு மேலதிகாரிதான், ஆனால் நடந்து போகிற மேலதிகாரி. கொட்டகலைக் கடைவீதியில் பிரின்ஸ் வந்து நின்றால், மளிகைக்கடை ஹமீத் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து நலம் விசாரிப்பார். விசாரித்தது குதிரையை என்பது கங்காணிக்குக் கடைசிவரை புரியவில்லை.

யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. யாரோ ஒருவர் கொட்டகைப் பக்கம் வந்து குதிரைக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுத்துவிட்டு, மகனுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாமல் இழுபடுகிற கதையை அதனிடம் சொல்லியிருக்கிறார். குதிரை வெல்லத்தை மென்று தலையை ஆட்டியது. பக்கத்தில் நின்று கங்காணி பார்த்தார். சீக்கிரமே மகனுக்குப் பேர் பதிந்தது. அதன்பின், பிரின்ஸ் தலையாட்டினால் காரியம் ஆகும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேச்சு. வாழைப்பழம் போனது, கொள்ளு போனது, பொங்கலுக்கு மறுநாள் பொங்கலே போனது. வாயில்லாத ஜீவன் ஆசையாகத் தின்கிறது, தடுப்பது பாவம் என்பது கங்காணியின் கட்சி.

"உங்க கையில குடுத்தா லஞ்சம், அது வாயில குடுத்தா தருமமாக்கும்," என்றாள் மனைவி நாகலெட்சுமி. "அந்த வெல்லத்துல பாதி வீட்டுக்கு வந்திருந்தா நானும் பணியாரம் சுட்டிருப்பேன்."

குதிரை உருண்டு திரண்டது. அதைத் தம் நிர்வாகத்தின் சிறப்பு என்று கங்காணி எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் பிரின்ஸ் நகர மறுத்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்புப் பாரத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வியர்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் தோசைக்கல். கண்டாக்கையாவின் கண்ணாகத்தான் இருக்கும் என்று கங்காணி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அந்தப் பழத்தையும் குதிரை தின்னப் பார்த்தது. நுவரெலியாவுக்கு ஆள் போய், மாட்டு டாக்டர் ராசிக் வந்து சேர்ந்தார். குதிரை என்றதும் துரையும் வந்துவிட்டார். துரை வந்ததால் பாதித் தோட்டமும் வந்துவிட்டது.

டாக்டர் குளம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டார்.

"புல்லுங்க. பொழுதுபட்டா ஒரு கை கொள்ளு."

வேறொன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் கங்காணி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தானியமும் இனிப்பும் மிதமிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி கண்டு குதிரை இப்படித்தான் நிற்கும். அதற்கு வழி இருக்கிறது: தீனியை நிறுத்தி, காய்ந்த புல் மட்டும் போட்டு, ஓடுகிற குளிர்ந்த ஆற்றில் காலை நனைத்து நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் வெறும் புல் தின்கிற குதிரைக்கு இது வருவதில்லை.

"புல்லுதான்னா இது எலும்புல உள்ள கோளாறு. மருந்து கெடையாது. தொரைகிட்ட துப்பாக்கி இருக்குமே?"

இருக்கிறது என்று துரை தலையசைத்தார்.

கங்காணி சத்தியத்தை நினைத்தார். பிறகு, நடந்து போகிற கண்டாக்கையாவுக்குப் பின்னால் தாமும் நடந்து போவதை நினைத்தார். அந்த நேரம் பார்த்து பிரின்ஸ் மூக்கை நீட்டி அவர் கோட்டுப் பையில் வெல்லம் தேடியது. பாசம் என்று எண்ணிய கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெல்லம் கொஞ்சம் தின்னுச்சுங்க," என்றார்.

"எப்ப?"

"தெனமுங்க. பச்சரிசியும். கொழுந்தெடுக்குற ராக்காயி கொண்டாந்தா."

"ராக்காயி எதுக்குக் கொண்டு வரணும்?"

கங்காணி குதிரையின் மூக்கைப் பையிலிருந்து விலக்கினார். "அவ குடியிருக்குற காம்பராக் கூரை ஒழுகுதுங்க."

டாக்டர் குளம்பைக் கீழே விட்டார். "கூரை ஒழுகுனா குதிரைக்கு அரிசியா?"

எதை எவ்வளவு தின்றது என்று அறியத்தான் டாக்டர் மேலே மேலே கேட்டார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. வாழைப்பழம் யார், எந்த மலையில் கொழுந்தெடுக்கும் வேலைக்காக, பொங்கல் யார், எந்தக் காம்பராவுக்காக என்று கங்காணி ஒன்றொன்றாகச் சொல்லி முடித்தார். துரைக்கு ஏசுகிற அளவுக்குத்தான் தமிழ் தெரியும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கேட்கிற அளவுக்கும் தெரிந்திருந்தது.

"கங்காணி, குதிரை சொகமாவுற மட்டும் நீ ஆத்துல புடிச்சி நிக்கணும்," என்றார் துரை. "அதுக்குள்ள ஒழுகுற கூரை எல்லாம் சரியாவணும். இல்லாட்டி நீ போ. குதிரை இருக்கட்டும்."

மறுநாள் முழங்காலுக்கு மேல் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் கயிற்றோடு கங்காணி ஆற்றில் நின்றார். குளிரில் பல் அடித்தது. அக்கரைப் பாதையில் கண்டாக்கையா போனார். ஆற்றுக்குள்ளிருந்து பார்க்க நல்ல உயரமாகத் தெரிந்தார்.

ராக்காயி துணி மூட்டையோடு வந்து, கல்லில் இறக்கி வைத்தாள்.

"குதிரைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதாமே. அதான் வெறுங்கையா வந்தேன். நம்ம கூரை என்னாச்சுங்க?"

கங்காணி பழக்கத்தில் பிரின்ஸின் முகத்தைப் பார்த்தார். அது ஆற்றுநீரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. கடைசியில் அவரே தலையாட்ட வேண்டியிருந்தது.