சத்தம் வராத வெடி

ஜவ்வாது மலைக் கருங்கல் குவாரியில் 1974 மாசியில் வெடித்த வெடியின் சத்தம் 1985 வைகாசியில்தான் வந்தது. வெடி வைத்த அன்று காலை என் அண்ணன் மாதையன் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் சாமைச் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டு, உப்பு பத்தவில்லை என்றான். அண்ணி செல்லியம்மாள் சரியாகத்தான் போட்டேன் என்றாள். வாதம் முடிவதற்குள் கம்பெனி லாரி வந்துவிட்டது.

திரி கொளுத்துவது அண்ணன் வேலை. நீளத் திரி வீண் செலவு என்று அதைப் பாதியாக நறுக்கச் சொன்னவர் மேனேஜர் பஞ்சாட்சரம். அண்ணன் குழியிலிருந்து ஏறி வருவதற்குள் கல் எழும்பி அவன் மேல் விழுந்ததைப் பாறை மறைவிலிருந்து எல்லோரும் பார்த்தோம். பொத்திய காதோடு காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. பக்கத்தில் மேய்ந்த ஆடுகள்கூடத் தலை தூக்கவில்லை.

சத்தம் கேட்கும்வரை குழிக்குள் இறங்கக் கூடாது என்று குவாரி வாசலில் பலகை இருந்தது. அதுவரை புகை அடங்குமுன் எங்களை உள்ளே விரட்டிய பஞ்சாட்சரம் அன்று முதல் சட்டத்துக்கு அஞ்சி நடக்கும் மனிதர் ஆனார். குழியைச் சுற்றி முள்கம்பி போட்டார். மண்ணாவது போடுகிறேன், விடுங்கள் என்று அண்ணி கம்பெனி பங்களா வாசலில் நின்றாள்.

"கல்லு பறந்தத நீங்களும்தானே பாத்தீங்க சாரு?"

"பாத்தேம்மா. கேக்கலையே. ஒன் வூட்டுக்காரன் வேலையில இருக்கான்னுதான் அர்த்தம்."

சங்கத்துக்காரர் செங்கத்திலிருந்து வந்தார். மேனேஜரோடு கோழிக்கறி தின்றுவிட்டு, சட்டம் சட்டம்தான் என்று சொல்லிப் போனார். சுனையில் தண்ணீர் மொள்ளும் பெண்கள், "இன்னாடி, அவுரு ஷிப்டு இன்னும் முடியலியா?" என்று கேட்டார்கள். அண்ணி தாலியைக் கழற்றவும் முடியாமல், பூ வைக்கவும் மனமில்லாமல் இருந்தாள். மழைத் தண்ணீரும் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை. அதற்கும் பஞ்சாட்சரத்தின் மேல் பயம் போலும்.

நல்ல கல் தீர்ந்ததும் கம்பெனி போய்விட்டது. பங்களா டூரிஸ்ட் லாட்ஜ் ஆனது. அதற்கும் பஞ்சாட்சரமே மேனேஜர். கல் உடைத்தவர்களுக்குத் தொப்பி மாட்டித் தட்டு தூக்க வைத்தார். விரல் போனவர்களை மட்டும் சேர்க்கவில்லை, பார்த்தால் விருந்தாளிகளுக்குச் சோறு இறங்காதாம். முள்கம்பிக்குப் பக்கத்தில் 'வியூ பாயிண்ட்' என்று எழுதி வைத்தார்.

திறப்பு விழாவில் அவர் உழைப்பின் உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் கொட்டியது. தொப்பிக்காரர்கள் பழைய பழக்கத்தில் காதைப் பொத்திக் குப்புற விழுந்தார்கள். பஞ்சாட்சரம் மேஜைக்கடியிலிருந்து வந்து, இடி என்றார். வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்தம் வந்துடுச்சி சாரு. எறங்குறேன்."

அவர் பழைய குவாரி வாசல் பலகையைப் பார்த்தார். தடுக்க அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கல்லைப் புரட்டினோம். காலையில் போனபடியே கிடந்தான், மீசைகூட நரைக்கவில்லை. அங்கேயே மண் போட்டோம். விருந்தாளிகள் மேலே நின்று போட்டோ எடுத்தார்கள். நசுங்கிய தூக்குச்சட்டி ஓரமாக இருந்தது. சோறு இன்னும் சூடு ஆறவில்லை. அண்ணி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

உப்பு பத்தவில்லைதான்.