தவளைவாய்க்குள் தெரிந்த வானம்

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கியதால் வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாகத் தென்ஜெர்மனியில் இந்த ஸ்வாபிய ஊரில் குடியிருக்கிறேன். அருங்காட்சியகம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அன்று கையில் குடை இல்லை. உள்ளே, வருகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்கென்று ஓர் இரும்புத் தலைக்கவசம் வைத்திருந்தார்கள். குதிரைமேல் ஈட்டிப் போட்டிக்குப் போகிறவர்கள் அணிவது. தவளை வாயைப் பிளந்த மாதிரி கண்ணுக்கு மேலாக ஒரு விரற்கடைப் பிளவு. கழுத்து திரும்பாது. நெஞ்சுத் தகட்டோடு சேர்த்துத் திருகாணி போட்டுவிடுவார்கள். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். கூரையிலிருந்த ஈரக்கறை தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"குனிங்க சார்," என்றார் காவலுக்கு இருந்த ஹேகலே அம்மாள். "குனிஞ்சாத்தான் எதிராளி தெரிவான். ஈட்டி வந்து இடிக்கிற நேரத்துல நிமிந்துடணும். அப்பதான் கண்ணு தப்பும்."

"நிமிந்தா எதிராளி தெரிய மாட்டானே?"

"அதனாலதான் தப்புதுங்கறேன்."

இதைப் போட்டுக்கொண்டு ஒருவன் தரையில் நின்று வாள்சண்டை போட்டால் என்ன கதி? மழை விட்டபோது எனக்கு ஒரு கதாநாயகன் கிடைத்திருந்தான். பெயர் வெண்டல்.

2

முதல் தொடக்கம்: வெண்டலின் வாள் மின்னலாய் இறங்க, எக்லோல்ஃபின் மார்புத் தகடு இரண்டாகப் பிளந்து—

பிளக்காது. அந்த வரியை அடித்துவிட்டேன். வாளால் கவசத்தை வெட்டுவது கரண்டியால் அண்டாவை வெட்டுவது மாதிரிதான். சத்தம் நன்றாக வரும்.

இரண்டாம் தொடக்கம்: கவசத்தின் பாரம் தாங்காமல் தள்ளாடியபடியே வெண்டல்—

இதுவும் புளுகு. இருபத்தைந்து கிலோ இரும்பு உடம்பெங்கும் பரவிக் கிடக்கிறது. ஓடலாம், விழுந்தால் எழலாம். முடியாதவை இரண்டே: தாராளமாக மூச்சு விடுவது, முதுகைச் சொறிவது.

(இந்த இரண்டு பொய்யையும் விட்டால் எனக்குத் தெரிந்த போர் வர்ணனை தீர்ந்துவிட்டது. இனி உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான்.)

3

ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் ஒரு செப்டம்பர் மாதப் பிற்பகல். சந்தைத் திடலில் மணல் கொட்டி, சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பாடைகள், ஆளுக்கு ஒன்று. வெண்டல் போரில் புறமுதுகு காட்டி ஓடினான், அதனால் என் தம்பி லுட்ஸ் செத்தான் என்பது எக்லோல்ஃபின் புகார். வெண்டல் மறுத்தான். சாட்சி இல்லை. ஆகவே இருவரும் கவசம் அணிந்து மோத வேண்டும், தோற்றவன் பாடையில். முதல் நட்சத்திரம் தெரியும்வரை வெண்டல் தாக்குப்பிடித்தால் அவன் நிரபராதி. கூட்டம் வாய் திறக்கக் கூடாது. சத்தம் போட்டாலும் சைகை காட்டினாலும் வலது கை போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு. நாற்பது நாள் முன்பே கவசப்பெட்டியை நகரசபையில் ஒப்படைத்து முத்திரை வைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பதை மாற்றக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வெண்டல் பதற்றத்தில் பெட்டி கட்டியவன். போர்த் தலைக்கவசம் அவன் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. பெட்டியைத் திறந்தால், தவளைவாய்.

கொம்பு ஊதினார்கள். வெண்டலுக்கு மேகம் தெரிந்தது. எதிராளியைப் பார்க்க வேண்டுமே என்று குனிந்தான். எக்லோல்ஃப் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவன். ஒருவன் வணங்கினால் பதிலுக்கு வணங்காமல் இருக்கத் தெரியாது. அவனும் குனிந்தான். வெண்டல் நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். எக்லோல்ஃபும் குனிந்தான். மூன்றாம் முறை இரண்டு தலையும் மோதி, கோயில் மணி அடித்த மாதிரி ஊரெங்கும் கேட்டது. ஆயிரம் பேர் வாயில் முஷ்டியைத் திணித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ரொட்டிக்கடைக்காரர் மூர்ச்சையானார்.*

*மூர்ச்சையாவது சத்தத்தில் சேருமா என்று பிறகு விவாதித்தார்கள். சேராது என்று முடிவானது.

4

எக்லோல்ஃபை வில்லனாக்கத்தான் திட்டம். தாடி, ஏப்பம், ஏளனச் சிரிப்பு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். தம்பியைப் பறிகொடுத்தவன் என்று எழுதியதும் அந்தத் தாடி அவனுக்குப் பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.

சண்டை தெரிந்தவன் அவன். வாளின் நடுவே இடக்கையால் பிடித்து, ஈட்டிபோல் குறுக்கி, இரும்பு இல்லாத இடங்களைத் தேடினான்: அக்குள், தொடைச்சந்து, முழங்காலின் பின்புறம். பிறகு வாளைத் தலைகீழாகத் திருப்பி, பிடிக் குண்டால் தவளையின் மண்டையில் சாத்தினான். வெண்டலுக்கு மேகம் இரண்டாகத் தெரிந்தது. ஆனாலும் நிமிர்ந்து நிற்கும்வரை தவளைவாய்க்குள் முன்னிருந்து எதுவும் நுழையாது. பார்வை தெரியாத ஒரே காரணத்தால் உயிரோடு இருந்தான்.

கடைசியில் வாள்களை எறிந்துவிட்டு, குத்துவாளை உருவிக்கொண்டு கட்டிப்பிடித்தார்கள். எக்லோல்ஃபின் குத்துவாள் வெண்டலின் அக்குளில் பாய்ந்து, இரும்பு வளையச் சட்டையில் சிக்கிக்கொண்டது. வெண்டல் கையை இறுக்கிக்கொண்டான். அவனுடைய குத்துவாள் எக்லோல்ஃபின் முகத்தகட்டைத் தடவியது. அந்த மணிக்கட்டை எக்லோல்ஃப் இடக்கையால் பிடித்துக்கொண்டான். அப்படியே நின்றார்கள். வெகுநேரம்.

"செத்துத் தொலையேன்டா," என்றான் எக்லோல்ஃப், மூச்சு வாங்க.

"கத்திய எடு, யோசிக்கிறேன்."

"வரல. உன் சட்டையில மாட்டிக்கிச்சு."

"இழு."

"நீ கையத் தூக்கு."

"தூக்கினா குத்துவ."

"பின்ன எதுக்கு வந்தேன், பீர் குடிக்கவா?" எக்லோல்ஃப் கத்தியை மறுபடி இழுத்துப் பார்த்தான். "ஏன்டா ஓடின?"

"ஓடல. பாஞ்சேன்."

"எங்க?"

"முகத்தகட்டுல ஒரு அடி விழுந்துச்சு. நசுங்கி அடைச்சுக்கிச்சு. எதிரி முன்னாடிதான் இருக்கான்னு வாள ஓங்கிக்கிட்டு கத்திக்கிட்டே பாஞ்சேன். ஒருத்தனும் எதுக்கல. பயந்துபோய் வழி விடறானுங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பன்னிக் கொட்டாய்ல போய் இடிச்சேன். ஒரு பன்னி செத்துப்போச்சு."

"இத சபையில சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"கோழைன்னா என்னக் கொல்லுவாங்க. அதோட முடிஞ்சிடும். பன்னிய ஜெயிச்சவன்னா எம் பொண்ணுங்க தெருவுல நடக்க முடியுமா?"

எக்லோல்ஃபின் கவசம் குலுங்கியது. தகட்டுக்குள் நடப்பது சிரிப்பா அழுகையா என்று வெளியே தெரியாது. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

"லுட்ஸ் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்டா. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு," என்றான் வெண்டல். "இரும்புக்குள்ள சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியாது. அவன்கிட்டதான் போறேன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதவில்லை.

5

மேகம் விரற்கடை அளவு விலகியது.

"நட்சத்திரம்!" என்று கத்தினான் வெண்டல். "ஐயா! நட்சத்திரம்!"

விதானத்தின் கீழ் உட்கார்ந்திருந்த கிழட்டு நடுவர், தடியை ஊன்றி வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது. கூட்டத்தில் யார் பார்த்தார்களோ, பார்த்தவர்கள் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பேர் பாத்தா நட்சத்திரம்," என்றார் நடுவர். "உயிருக்குப் பயந்தவன் ஒருத்தன் பாத்தா அது வெறும் ஆசை. ரெண்டாவது ஆள் நீதான் எக்லோல்ஃப். மேகம் விலகறப்ப நீ பாத்துச் சொன்னா ஒத்துக்கறேன். இல்லன்னா நடக்கட்டும்."

எக்லோல்ஃபின் தலைக்கவசத்தில் முன்னால் இருப்பது மட்டுமே தெரியும். வானம் பார்க்க முகத்தகட்டைத் தூக்க வேண்டும். தூக்க ஒரு கை வேண்டும். வலக்கை வெண்டலின் அக்குளில் சிக்கியிருக்கிறது. இருப்பது இடக்கை, அது வெண்டலின் குத்துவாளைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

முடிவு அ: எக்லோல்ஃப் கையை விட்டான், தகட்டைத் தூக்கினான், வெண்டல் குத்தி— (இரண்டு பெண்களின் தகப்பன் அவன். குத்தமாட்டான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

முடிவு ஆ: எக்லோல்ஃப் பார்க்க மறுத்தான், மெல்ல மெல்ல அக்குள் வளையங்கள் ஒவ்வொன்றாய்— (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: மழை. (வெட்கம்கெட்டது.)

6

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்: எக்லோல்ஃபின் விரல்கள் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இரும்புக் கையுறை மேலே போனது. முகத்தகடு கிறீச்சிட்டுத் திறந்தது. வியர்த்து, சிவந்து, கண் கலங்கிய ஒரு முகம். அதற்கு எதிரே, ஒரு சாண் தள்ளி, வெண்டலின் குத்துவாள், தடுக்க யாருமில்லாமல்.

"எந்தப் பக்கம்டா?" என்று கேட்டான் எக்லோல்ஃப்.

வெண்டலால் தலையைத் திருப்ப முடியாது. கை காட்டினால் அந்தக் கையில் கத்தி இருக்கிறது. பக்கம் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் அன்றைக்கே லுட்ஸிடம் போய்ச் சேர்ந்திருப்பான்.

கூட்டம் வாய் திறந்தால் கை போகும். உங்களுக்கு அந்த விதி கிடையாது. இவ்வளவு நேரம் கயிற்றோரம் நின்று நீங்களும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்திருந்தால் அவனிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.