எட்டுப் பக்க வட்டம்

1

இந்தக் கதை எனக்குச் சூலியா தெருவில் கிடைத்தது. காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. என் மைத்துனன் ராமசாமி அங்கே வரைபடம் போடப் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிப்போக வந்தவன், வெயில் தாங்காமல் ஏர்கோன் காற்றுக்காக உள்ளே நுழைந்தேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம்.

ஆசிரியை திரையில் ஒரு வட்டம் போட்டார். அதன் விளிம்பைக் காட்டப் பெரிதாக்கினார். வட்டம் எட்டுப் பக்கமாக உடைந்து நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கோட்டைத் தொட்டு, நீ யார் என்று மெஷினிடமே கேட்டார். அது பதில் எழுதியது: வட்டம். மையம் இன்ன இடம். ஆரம் இருபது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டுப் பக்கம் தெரிகிறது. அதுவோ கூசாமல் வட்டம் என்கிறது. உள்ளே வட்டம் என்று எந்தக் கோடும் இல்லையாம். ஒரு புள்ளி, ஓர் எண், அவ்வளவுதான். திரையில் தெரிவது நமக்காக அவசரத்தில் போட்டுக் காட்டுவது. ஆசிரியை இன்னொரு சொல்லைத் தட்டினார். கோடு மறுபடி வரையப்பட்டு, நிலா மாதிரி உருண்டது.

இதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியுமா? ஆனால் வட்டத்தை மட்டும் வைத்துக் கதை எழுத முடியாது. அதனால் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்பிகைபாகன் தன் மேசையில்…'

நிறுத்திவிட்டேன். ஜன்னலே இல்லாத அறையில் மழை யாருக்குத் தெரியும்? அம்பிகைபாகனும் சரிப்படவில்லை. தவறு செய்தால் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விடுகிற ஆள். அவனுக்காக நான் ஏன் பதற வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்: புஷ்பவள்ளி. டத்தோ கிராமாட்டில் வீடு. பல வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கம்ப்யூட்டர்ச் சில்லில் ஒட்டியவள். மாலை வகுப்பில் வரைபடம் படித்து, அதே தொழிற்சாலையின் வரைபடப் பிரிவுக்கு மாறியிருக்கிறாள். இது சோதனைக் காலம். தேறாவிட்டால் திரும்பவும் மைக்ரோஸ்கோப்தான்.

(மைக்ரோஸ்கோப் என் கற்பனை இல்லை. என் மனைவி வடிவம்மாள் அதில்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க இப்போதும் என்னைத்தான் கூப்பிடுவாள். 'புஷ்பவள்ளியத் திரும்ப அங்க அனுப்பினீங்க, அப்புறம் நான் உங்க கதையப் படிக்க மாட்டேன்' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டாள்.)

3

ஓர் எஃகுத் தகடு. நடுவில் நாற்பது மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத் துளை. புஷ்பவள்ளி சரியாகத்தான் வரைந்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாலை வகுப்பில் காகிதத்தில் படித்தவள். கவராயத்தை விளிம்புக்கு விளிம்பு வைத்துச் சரிபார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டாள். வட்டத்தைப் பெரிதாக்கினாள். எட்டுப் பக்கம் தெரிந்தது. ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு அளந்தாள். முப்பத்தேழுகூட வரவில்லை.

சின்னதாக வரைந்துவிட்டோம் என்று நினைத்தாள். விளிம்புக்கு விளிம்பு நாற்பது வரும்வரை வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். பிறகு அளவு எழுதச் சொன்னாள். மெஷின் தானாக 43.3 என்று எழுதியது.

அடுத்த மேசையில் ஜன்னத். கூட வேலை பார்ப்பவள்.

"ஜன்னத், இது பொய் சொல்லுதுலா. நான் அளந்தா நாப்பது. இது நாப்பத்து மூணுன்னு எழுதுது."

"நல்லா அளந்தியா?"

"கண்ணால பார்த்துத்தான் அளந்தேன்."

"அப்ப அந்த நம்பர அழிச்சிட்டு நாப்பதுன்னு டைப் பண்ணிடு. எல்லாரும் அப்படித்தான்லா பண்றாங்க."

(உண்மைதானாம். ராமசாமி விசாரித்துச் சொன்னான்.)

புஷ்பவள்ளி நாற்பது என்று தட்டினாள். பிரிவுத் தலைவர் பரமநாதன் காகிதத்தில் நாற்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வரைபடம் இருந்த டிஸ்க் இயந்திர அறைக்குப் போனது. துளை போடும் இயந்திரம் காகிதத்தைப் படிக்காது. வட்டத்தைத்தான் படிக்கும்.

4

டீ குடித்துவிட்டு வந்த புஷ்பவள்ளிக்கு அந்த 43.3 மனசில் உறுத்தியது. வட்டத்தைத் தொட்டு, நீ யார் என்று கேட்டாள். வட்டம். ஆரம் இருபத்தொன்றரைக்கும் கொஞ்சம் மேலே. மறுபடி வரையச் சொன்னாள். எட்டுப் பக்கமும் கரைந்து, குறையே இல்லாத உருண்டையாக வந்து நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வியப்பு. இவ்வளவு நேரமும் இது உள்ளே இப்படித்தான் இருந்திருக்கிறது! நான் அளந்தது இதை இல்லையே!

இந்த இடத்தை வடிவம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேல போவப் போவுது. இவ ஆன்னு பார்த்துக்கிட்டு நிப்பாளா?"

"நிப்பா. நான் நின்னேனே."

"உங்களுக்கு என்ன வேல போவுது?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளே சொன்னாள்: "மொத நாள் அந்தத் தங்கக் கம்பிய மைக்ரோஸ்கோப்புல பார்த்தப்ப நானும் நின்னேன். அவ்ளோ பெரிசா, அவ்ளோ பளபளன்னு… சூப்பர்வைசர் வந்து மேசையத் தட்டினான்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

புஷ்பவள்ளி இயந்திர அறைக்கு ஓடினாள். தகட்டை இறுக்கிவிட்டு, இயந்திரம் ஓட்டும் தங்கராஜு பொத்தான்மேல் விரலை வைத்திருக்கிறார். பக்கத்தில் பரமநாதன்.

முடிவு ஒன்று: கத்துகிறாள்.

முடிவு இரண்டு: வாயைத் திறக்கவில்லை. துளை பெரிதாக விழுகிறது. காகிதத்தில் நாற்பது இருப்பதால் பழி தங்கராஜு தலையில்.

"ரெண்டாவதக் கிழிங்க" என்றாள் வடிவம்மாள். "அந்த வட்டத்தப் பார்த்து அசந்து நின்னவ, ஒரு மனுசன் மாட்டிக்கிறதப் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டா."

கிழித்தேன்.

"நிறுத்துங்க அண்ணே! அந்த நம்பர் நான் டைப் பண்ணது! ஓட்ட பெரிசாயிடும்!"

தங்கராஜு விரலை எடுத்தார். பரமநாதன் திரும்பினார்.

"மெஷின் எழுதின நம்பர நீங்களா அழிச்சீங்க?"

"ஆமா சார்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேல தெரியலன்னு நினைப்பீங்கன்னு பயந்துட்டேன் சார்."

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மெல்ல…

வடிவம்மாள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "அந்தாளு சொன்னத நீங்க எழுதாதீங்க. எனக்காக நல்லவரா மாத்திடுவீங்க. எனக்கு அது வேணாம்."

ஆகவே நான் எழுதவில்லை. நீங்கள் பரமநாதன் நிற்கும் இடத்தில் வந்து நில்லுங்கள். தகடு தப்பித்துவிட்டது. காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். புஷ்பவள்ளி மூச்சு வாங்க உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என்ன சொல்லப்போகிறீர்களோ, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். வடிவம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.