வெந்நீர்க் குழாயில் ஒரு தட்டல்

ஒக்தாவுக்கு நாற்பத்தொரு வயது. தொழில், மின்னிசை. புக்கரெஸ்டில் இந்த இசைக்கு ஆடுகிறவர்கள் சனிக்கிழமை ஆரம்பித்தால் திங்கட்கிழமைதான் வீடு திரும்புவார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் ஒக்தாவின் பாட்டுக்கும் ஆடியதுண்டு. முதல் இசைத்தட்டில் மெட்டு இருந்தது, விற்றது. மெட்டு மலிவான சமாசாரம் என்று இரண்டாவதில் அதை எடுத்தான். மூன்றாவதில் குரலை எடுத்தான். நான்காவதில் டிரம்மையும் எடுத்தான். “இருப்பதை எடுப்பதுதான் என் பாணி” என்று ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். பத்திரிகை ஆசிரியர் அந்தப் பேட்டியையே எடுத்துவிட்டார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான இந்தக் கதையை அவனே நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். பிறகு நண்பர்களும் தேய்ந்து போனார்கள்.

நான்கு வருடச் சும்மாவுக்குப் பிறகு, பெர்லினில் ஒரு சிறு நிறுவனம் பதினான்கு நிமிடப் பாட்டு ஒன்று கேட்டது. மாதிரி அனுப்பினான். பதில் வந்தது: “பெரும்பாலும் தூக்கம் வந்தது. ஆனால் அந்த இரும்புச் சத்தம் உயிரோடு இருக்கிறது. அதை வைத்து வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்பு. இல்லையென்றால் விட்டுவிடுவோம்.” இதுவும் போனால் மாமா வைத்திருக்கும் டயர் கடையில் உட்கார வேண்டியதுதான்.

அந்த இரும்புச் சத்தம் அவன் செய்ததல்ல. அவன் இருக்கும் பத்து மாடிக் கட்டிடத்தில் அடி முதல் உச்சி வரை வெந்நீருக்கு ஒரே குழாய். யார் வீட்டிலாவது சத்தம் மிஞ்சினால், மற்றவர் கையில் கிடைத்ததை எடுத்துக் குழாயில் நாலு தட்டு தட்டுவார். நேரில் போய்க் கதவைத் தட்டுவது சண்டை. குழாயைத் தட்டுவது மரியாதை. கோடையில் ஒரு நாள் ஒக்தாவ் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு தட்டல் வந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஒலியைக் குறைத்திருப்பான். இவன் குழாயோடு மைக்கை ஒட்டிவைத்துப் பதிவு செய்துகொண்டான்.

இன்னொரு கிறுக்கும் அவனுக்கு உண்டு. பாட்டை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, தெருவாசல் வரை இறங்கிப் போய் நின்று கேட்பான். சுவர் தாண்டி வருவதுதான் நிஜமான பாட்டு என்பது அவன் கொள்கை. ஒலிபெருக்கி இருந்ததோ குழாயை ஒட்டி. பாட்டில் வேறெதுவும் இல்லாததால் தட்டல் மட்டும் பத்து மாடிக்கும் பயணம் போனது. குழாயில் வரும் சத்தத்துக்கு மாடி ஏது? ஒவ்வொரு வீட்டாரும் தங்களைத்தான் யாரோ தட்டிக் கண்டிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாடிப் புருஷன் பெண்டாட்டி சண்டையை நிறுத்தினார்கள். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வீடு இறைச்சித் துண்டைச் சுத்தியால் அடித்துத் தட்டையாக்குவார்கள், ஷ்னிட்செல் பொரிக்க. மூன்று ஞாயிறாக அந்தச் சத்தம் இல்லை. ‘அடடா, என்ன அமைதி! ஊரே என் வேலைக்கு ஒத்துழைக்கிறது’ என்று மகிழ்ந்துபோனான் நம்ம ஆள். நாலாவது வாரம் ஆளாளுக்குத் திருப்பித் தட்டத் தொடங்கினார்கள். லிஃப்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கடைசியில் கட்டிட நிர்வாகி நிஸ்தோர், குழாய்த் தட்டல் பற்றி வியாழன் ஐந்து மணிக்குக் கூட்டம் என்று தபால்பெட்டிகளுக்கு மேலே தாள் ஒட்டினார்.

தாளைப் படித்தபோதுதான் அந்தத் தட்டல் தன் பாட்டு என்று ஒக்தாவுக்கு உறைத்தது. ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் இறங்கினான். ஒரே நாள்தானே, வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

“யாருக்கு யார் மேல கோவம்? நேரா சொல்லிடுங்கப்பா,” என்றார் நிஸ்தோர்.

ஒக்தாவுக்கு நேர் கீழ்வீட்டு லியோண்டினா முன்னால் வந்தாள். நாடகக் கொட்டகைக்கு உடை தைக்கிறவள். “என் தையல் மெஷினுக்காகத்தான தட்றீங்க? பதினோரு வருஷமா இங்கதான் ஓட்டறேன். மூணு வாரமா கையாலயே தைக்கிறேன்.” விரல்களை விரித்துக் காட்டினாள். நாலு விரலில் பிளாஸ்திரி. “வீட்டுக்குள்ள காலுறை போட்டுக்கிட்டுப் பூனை மாதிரி நடக்கறேன். நான் இருக்கறதே தொந்தரவுன்னா சொல்லிடுங்க, தங்கச்சி ஊருக்குப் போயிடறேன்.”

ஒக்தாவுக்கு அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை.

“அத்தை, அது உங்க மெஷினுக்கு இல்ல.”

“உனக்கெப்படித் தெரியும்?” என்றார் நிஸ்தோர்.

“கோவத்துல தட்டறவங்க நிமிஷத்துக்குச் சரியா முப்பதுன்னு தட்ட மாட்டாங்களே.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. மிச்சத்தையும் சொன்னான்.

பத்து நிமிடத்தில் கூட்டம் முழுக்க அவன் அறைக்குள் நின்றது. பாட்டைப் போட்டான்.

“எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

“ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுங்க.”

“இதுக்கா எங்க வீட்ல ஒரு மாசமா ஷ்னிட்செல் இல்ல?”

லியோண்டினா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “இது என் கை! என் கறிச் சுத்தி. நாலாவது தட்டு மட்டும் லேட்டா விழுது பாரு, அப்பவே சலிச்சுப் போயிட்டேன்.”

அந்தத் தாமதத்தைத்தான் ‘என் தனித்துவமான தயக்கம்’ என்று அவன் பெர்லினுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தான்.

“எடுத்திடறேன் அத்தை,” என்றான். டயர் கடையின் ரப்பர் நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது.

“எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்?”

ஒக்தாவ் நேர்மையாக யோசித்தான். “உர்ருன்னு ஒரு சத்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் கண் கலங்கிவிட்டது. அவமானமாக இருந்தது. பதினைந்து வருட உழைப்புக்குத் தேறியது ஓர் உர்ர்.

“அப்ப எடுக்காத,” என்றாள் லியோண்டினா. “போன வருஷம் கொசு மாதிரி ஒண்ணு போட்டியே, அதுக்கு இது எவ்வளவோ தேவல. அதுக்கு முன்னாடி ஒண்ணு, கெணத்துக்குள்ள யாரோ நடக்கற மாதிரி, அது நல்லாருந்துச்சு. ஏன் பாதியில விட்ட?”

அதை அவன் யாருக்குமே அனுப்பியதில்லை.

“ஆனா ரெண்டு விஷயம். இனிமே காதுல மாட்டிக்கிட்டுக் கேளு. அப்புறம், தட்டினப்ப நான் என்ன சொன்னேனோ அதை அதுல எழுதணும்.”

“என்ன சொன்னீங்க?”

“தெரியாதாக்கும்? ‘நிறுத்துடா ஒக்தாவ், தாங்கல.’”

வெள்ளி மதியம் பாட்டை அனுப்பினான். தலைப்புக்கான இடத்தில் அந்த மூன்று வார்த்தைகளையும் அப்படியே எழுதினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “எடுத்துக்கொள்கிறோம். உன் பாட்டில் முதல்முறையாக ஒரு மனுஷக் குரல் கேட்கிறது. தலைப்பில் இருப்பது யார் சொன்னது?”

கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒக்தாவ் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினான்: “இத்தனை வருஷமாக என் பாட்டையெல்லாம் முழுசாகக் கேட்ட ஒரே ஆள்.”